மாட்டுப் புளிப்பு, மனிதப் புளிப்பு

தீர்த்தம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் சுகாதார ஆய்வாளர் ஏகாம்பரம் உத்தரவை உரக்கப் படித்தார். மாட்டுக் கொட்டகை வாசலில், ஜீப்பிலிருந்து இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சட்டசபையில் பேசுகிறவரைப் போல நின்று படித்தார். நான்கு மாடுகளும் அசை போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தன.

“மேற்படி கால்நடைகளின் பால், மேற்படி விடுதி மாணாக்கர்க்கு வழங்கப்படுவது மறு உத்தரவு வரும்வரை இதன்மூலம் நிறுத்தி வைக்கப்படுகிறது.”

“மேற்படின்னா இன்னாங்க?” என்று கேட்டார் தீர்த்தம்மா.

“உன் மாடுதான்.”

“அத்த மாடுன்னே சொல்றது. எதுக்கு நிறுத்தணும்?”

“பசங்களுக்குத் தொண்டை நோவு. உன் பாலாலதான் வந்துது.”

“அப்பிடின்னு யாரு சொன்னது?”

ஏகாம்பரம் திரும்பி என்னைக் காட்டினார். “அதைக் கண்டுபுடிக்கத்தான் லேப் அம்மா வந்திருக்காங்க.”

முதலில் உத்தரவு, பிறகு கண்டுபிடிப்பு. எங்கள் இலாகாவில் அதுதான் வரிசை.

எழுபதுகளின் கடைசி. புதூர்நாட்டையும் தாண்டி, ஜவ்வாது மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளி. அங்கே தங்கிப் படித்த பிள்ளைகளுக்கு ஒரு மாதமாகக் காய்ச்சலும் தொண்டை வீக்கமும். கேழ்வரகுக் களியை விழுங்க முடியாமல் அழுதார்கள். யாராவது ஒருவர் மேல் பழி போட்டாக வேண்டும். வார்டன் அரசு ஊழியர். சமையல்காரர் அரசு ஊழியர். பள்ளிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்த தீர்த்தம்மா மட்டும் யாருடைய ஊழியரும் இல்லை. மாடோ மனு எழுதாது.

நான் பிள்ளைகளின் தொண்டையில் பஞ்சுக் குச்சியைத் தடவி எடுத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு மாட்டின் மடியிலிருந்தும் நேராகக் குழாயில் பால் பிடிக்க வேண்டும். “கையை நல்லா கழுவிட்டுக் கறங்க” என்றேன் அதிகாரத்தோடு.

தீர்த்தம்மா கழுவினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “நீ கழுவினியாம்மா?”

கழுவவில்லை. போய்க் கழுவிக்கொண்டு வந்தேன்.

அரசாங்கச் சூப்பு

சென்ற வாரம் எங்கள் ஆய்வுக்கூடத்து முயல்களைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகி, “அங்கே உங்கள் வேலைதான் என்ன?” என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் அப்பாவுக்கே அது கடைசி வரை விளங்கவில்லை.

கண்ணமங்கலத்துக்காரர் அவர். மகள் கெமிஸ்ட்ரி படித்தால் டீச்சர் ஆவாள் என்று நம்பியவர். நானோ மலை இறங்கினால் வரும் ஊர் ஒன்றில், அரசு ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலைக்குப் போய்விட்டேன். கிருமிகளை வளர்ப்பதற்கு இறைச்சியைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, உப்பும் சர்க்கரையும் அளந்து போட்டுச் சாறு தயாரிப்பது என் முதல் வேலை. ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போனவர், உறவினர்களிடம், “கவர்மெண்ட்ல சூப்பு வெச்சுக்குனு இருக்குது” என்றாராம். அவ்வளவு தப்பான வர்ணனையும் இல்லை. குடிக்கிறவர்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள், அவ்வளவுதான்.

மலையிலிருந்து வந்த குச்சிகளையும் பாலையும் ஆட்டு ரத்தம் கலந்த தட்டுகளில் தடவி வைத்தேன். மறுநாள் எல்லாத் தட்டிலும் ஊசிமுனைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ரத்தம் கரைந்து தெளிவான வட்டம். பிள்ளையின் தொண்டையிலும் அதே வட்டம், மாட்டின் மடியிலும் அதே வட்டம்.

ஏகாம்பரம் எட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணுதாம்மா. பைலை மூடிடலாம்” என்றார்.

எங்கள் தலைவர் மூட விடவில்லை. அவரைப் பெரிய டாக்டர் என்று மட்டும் சொல்கிறேன். சென்னையிலிருந்து வந்தவர், நிறையப் படித்தவர், அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறவர். “வட்டத்தை வச்சு முடிவு பண்ணக் கூடாது. மாட்டுக்கிட்ட வளர்ற ஜாதி வேற, மனுஷன்கிட்ட வளர்ற ஜாதி வேற” என்றார்.

இரண்டையும் பிரித்துக் காட்ட ஸீரம் ஒன்று உண்டு. நாங்கள் எழுதிக் கேட்டிருந்தோம். வந்தபோது அதன் ஆயுள் முடிந்திருந்தது. எனவே பெரிய டாக்டர் தன் பழைய பாடப் புத்தகத்தைத் தூசி தட்டினார்.

முறை எளிது. சர்க்கரை போட்ட சாற்றில் இந்தக் கிருமியை விட்டால், அது சர்க்கரையைத் தின்றுவிட்டுப் புளிப்பை விடும். மனித ஜாதி ஓரளவு புளித்ததுமே தாங்காமல் நின்றுவிடும். மாட்டு ஜாதி இன்னும் கடுமையாகப் புளிக்கும்வரை விடாது. இரண்டு நாள் கழித்து மெத்தில் ரெட் என்ற சாயத்தைச் சொட்டு விட்டால், கடும் புளிப்பு சிவப்பாகும், மிதமான புளிப்பு ஆரஞ்சாக நிற்கும். சிவப்பு மாடு, ஆரஞ்சு மனிதன்.

யோசனை முழுக்க முழுக்க அவருடையது. அந்தப் பெருமையை அவரிடமிருந்து நான் பிடுங்க மாட்டேன்.

எல்லாம் சிவப்பு

இருபது குழாய்கள். நான்கு மாடுகளின் பாலிலிருந்து ஆறு, தொண்டையிலிருந்து பதினான்கு. பெரிய டாக்டர் தாங்கியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“எல்லாம் சிவப்பு. எழுதிக்கோ. மாட்டு ஜாதி.”

நான் பார்த்தேன். ஆறு சிவப்பாக இருந்தன. மற்ற பதினான்கும் போளூர்ச் சந்தையில் கூடையில் குவித்து வைப்பார்களே, அந்த ஆரஞ்சுப் பழத்தின் நிறம்.

“சார், இதெல்லாம் ஆரஞ்சு மாதிரி தெரியுது.”

“ஆரஞ்சுங்கறது சிவப்புல ஒரு வகைதாம்மா” என்றார் அவர்.

எழுதிக்கொண்டேன்.

அப்போது எனக்குத் தற்காலிக வேலை என்று சொன்னேன் அல்லவா. அதை நிரந்தரமாக்கும் அறிக்கையை எழுத வேண்டியவர் அவர். ஒன்றரை ஆண்டாக, “பணிவு: நன்று” என்று மட்டுமே என்னைப் பற்றி எழுதி வைத்திருந்தார். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

அன்று மாலை அவர் கையெழுத்துக்குக் காகிதங்களை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒன்று பச்சை மை, மற்றது சிவப்பு. பச்சைப் பேனாவின் மூடியில் ஒரு நூல் இறுக்கிச் சுற்றியிருந்தது. உடைந்ததற்குப் போட்ட கட்டு என்று ஒன்றரை ஆண்டாக நினைத்திருந்தேன். அன்றுதான் பார்த்தேன், மூடி உடையவே இல்லை. அவர் விரலால் நூலைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

மறுநாள் ஓர் அற்பக் காரியம் செய்தேன். அதே இருபது குழாய்களையும் இடம் மாற்றி அடுக்கி, வேறு எண் ஒட்டி, “இன்னொரு தடவை வளர்த்தது சார்” என்று கொண்டுபோய் வைத்தேன். இந்த முறை ஏழு ஆரஞ்சு, பதிமூன்று சிவப்பு என்றார். அவர் ஆரஞ்சு என்ற ஏழில் மூன்று அப்பட்டமான சிவப்பு.

நிறம் தெரியாமல் பிறப்பது குற்றமில்லை. தெரிந்த மாதிரி கையெழுத்துப் போடுவது வேறு. அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பணிவாக நிற்பதும் வேறில்லை.

“பார்த்தியா, பெரும்பாலும் சிவப்பு” என்றார் பெரிய டாக்டர். முதல் அறிக்கையே மேலே போயிற்று.

பவுடர் மாடு

பதினெட்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை.

இதற்கிடையில் மலையில் பசும்பால் நின்றுபோய், விடுதிக்குத் தகர டப்பாவில் பால் பவுடர் போயிற்று. எங்கள் அறிக்கையின்படி மறுவாரமே பிள்ளைகள் குணமாகியிருக்க வேண்டும். பிள்ளைகள் அறிக்கையைப் படிக்கவில்லை போலிருக்கிறது. மேலும் ஒன்பது பேர் படுத்தார்கள். அவர்களில் செல்வி என்ற பத்து வயதுப் பெண்ணுக்குத் தொண்டை ஆறி, பிறகு முழங்கால் இரண்டும் வீங்கி, நெஞ்சு படபடக்க ஆரம்பித்திருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் இறக்கினார்கள்.

“மாட்டுப் பால நிறுத்தியும் வருதே சார், எப்படி?” என்று ஏகாம்பரத்திடம் கேட்டேன்.

அவர் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். “பவுடரும் மாட்டுலருந்துதானேம்மா வருது. பவுடர் மாடும் மாடுதான்.”

அவர் கையில் அடுத்த உத்தரவு தயாராக இருந்தது. மேற்படி கால்நடைகளை மலையை விட்டே அப்புறப்படுத்த வேண்டும். அதில் பெரிய டாக்டரின் கையெழுத்து. கீழே இணைப்பு என்று, என் கையெழுத்தில் எழுதிய இருபது சிவப்பு.

செல்வியின் முழங்காலைக் கேள்விப்பட்ட பிறகும் இரண்டு நாள் யோசித்தேன் என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். பிறகு வாணியம்பாடிக்குப் பஸ் ஏறினேன்.

தோலுக்கு வாங்கின மிஷின்

என்னோடு கெமிஸ்ட்ரி படித்த லத்தீப் அங்கே ஒரு தோல் தொழிற்சாலையின் சோதனை அறையில் இருந்தார். தோலை அமிலத்தில் ஊறவைப்பார்கள். புளிப்பு கூடினால் தோல் கெட்டுவிடும். அதனால் புளிப்பை எண்ணிலேயே காட்டும் மீட்டர் ஒன்றை முதலாளி வாங்கிப் போட்டிருந்தார். பிள்ளைகளின் தொண்டைக்கு எங்களிடம் இல்லாத கருவி ஆட்டுத் தோலுக்கு இருந்தது.

குழாய்களைக் கொதிநீரில் வைத்துக் கிருமிகளைக் கொன்றுவிட்டு, டிபன் கேரியரில் நிறுத்தி வைத்து எடுத்துப் போயிருந்தேன். கிருமி செத்தாலும் அது விட்ட புளிப்பு போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், “ரசமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

லத்தீப் கேரியரைத் திறந்து பார்த்தார். “இன்னாங்க இது?”

“பசங்க தொண்டையிலருந்து எடுத்து வளர்த்தது.”

“இத்த இதுல முக்கணுமா? மொதலாளிக்குத் தெரிஞ்சா என்னையே முக்கிடுவாரு.”

ஆனால் முக்கினார். பாலிலிருந்து வந்த ஆறும் நாலேகாலை ஒட்டி நின்றன. தொண்டையிலிருந்து வந்த பதினான்கும் ஐந்துக்குக் கொஞ்சம் மேலே. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஒரு குழாய்கூட இல்லை. மாடு ஒரு பக்கம், மனிதர்கள் ஒரு பக்கம்.

“எழுதிக் குடுங்க லத்தீப். சீல் வெச்சு.”

“தோல் கம்பெனி சீலுங்க இது.”

“எந்தச் சீலா இருந்தா என்ன, ரவுண்டா இருக்குதில்ல.”

அந்தக் காகிதத்தைப் பெரிய டாக்டரின் மேஜையில் வைத்தேன். அவர் நிதானமாகப் படித்தார். சீலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எந்த அனுமதியில் போனாய் என்று கேட்கப் போகிறார் என்று நின்றிருந்தேன்.

“மிஷினே சொல்லிடுச்சா” என்றார். “அப்ப சரி.”

அவ்வளவுதான். மாடுகளை அப்புறப்படுத்தும் உத்தரவு அன்றைக்கே நின்றது. அடுத்த மாதம் மீட்டர் ஒன்று வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். காரணம் என்ற இடத்தில், “மனிதக் கண் முழுமையாக நம்பத்தக்கதல்ல” என்று போட்டிருந்தார். தன் ஒருவர் கண்ணுக்காக மனித குலத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார்.

ஆ சொல்லுங்க

மாடு இல்லையென்றால் எந்த மனிதர் என்று தேட, இந்த முறை பெரிய டாக்டரும் மலைக்கு வந்தார். காலையில் பால் ஊற்றும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பிள்ளைகள் டம்ளரோடு வரிசையில் நின்றார்கள். அலுமினிய அண்டாவில் வெதுவெதுப்பாகப் பவுடர் பால். வார்டன் கழுத்தில் மப்ளர். ஒரு டம்ளரை அண்டாவுக்குள் விட்டு மொண்டார். வாய் வைத்து ஒரு மடக்குக் குடித்தார். மீதியைத் திரும்ப அண்டாவிலேயே ஊற்றினார். பிறகு அதே டம்ளரால் பிள்ளைகளுக்கு மொண்டு ஊற்ற ஆரம்பித்தார்.

பெரிய டாக்டர் அவர் பக்கத்தில் போனார். “என்ன பண்றீங்க?”

“சக்கரை சரியா இருக்குதான்னு பாக்கறேன் சார். டெய்லி நானே பாத்துடுவேன். சமையக்காரனை நம்ப முடியாது.”

“குரல் ஏன் கரகரன்னு இருக்கு?”

“எனக்கு எப்பவுமே தொண்டை இப்படித்தான் சார். மலைக் குளிரு.”

பெரிய டாக்டர் என் பக்கம் கையை நீட்டினார். பஞ்சுக் குச்சியைக் கொடுத்தேன்.

“ஆ சொல்லுங்க.”

“சார், நான் கவர்மெண்ட் சர்வண்ட்” என்றார் வார்டன்.

“உங்க தொண்டையும் கவர்மெண்டுதான். ஆ சொல்லுங்க.”

எழுபது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, வார்டன் குமட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வர ஆ என்றார். டம்ளரில் இருந்த பாலையும் கொஞ்சம் குழாயில் பிடித்துக்கொண்டேன். சமையல்காரர், ஆயா எல்லாருக்கும் குச்சி வைத்தோம். வேறு யார் தொண்டையிலும் அந்தக் கிருமி இல்லை. வார்டன் தொண்டைத் தட்டில் வேறெதுவுமே இல்லை, நெருக்கியடித்துக்கொண்டு அது மட்டும்தான் வளர்ந்தது. டம்ளர்ப் பாலிலும் அதுவே.

இரண்டு நாள் கழித்து, சாயம் விட்ட குழாய்களைப் பெரிய டாக்டரிடம் கொண்டு போனேன். ஜன்னல் பக்கம் அவர் தூக்கவில்லை. எழுதும் அட்டையை எடுத்துக்கொண்டு, “நீயே சொல்லும்மா, என்ன நிறம்?” என்றார்.

“ஆரஞ்சு சார்.”

“ஆரஞ்சு” என்று எழுதினார்.

வார்டனுக்குப் பென்சிலின் ஊசி போட்டார்கள். பாலுக்குச் சர்க்கரை பார்க்கும் பொறுப்பிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். படுத்திருந்த பிள்ளைகளுக்கும் ஊசி போட்டார்கள். இரண்டு வாரத்தில் விடுதியில் தொண்டை நோவு அடங்கிவிட்டது.

இல்லாத படிவம்

பால் ஊற்றலாம் என்ற உத்தரவோடு பெரிய டாக்டரும் ஏகாம்பரமும் நானும் மறுபடி போனபோது கொட்டகையில் மூன்று மாடுகள்தான் இருந்தன.

“ஒண்ணு எங்கே?” என்று கேட்டேன்.

“வித்துட்டன். பள்ளிக்கூடத்துலயே வாணாம்ன மாட்டுப் பால எந்த வூட்ல வாங்குவாங்க?” என்றார் தீர்த்தம்மா. கோபமாகச் சொல்லவில்லை. நாங்கள் செய்த வேலையின் கணக்கை எங்களுக்குத் தெரியப்படுத்தினார்.

ஏகாம்பரம் காகிதத்தை மடித்துக்கொண்டு, “அதான் இப்ப ஊத்தலாம்னு வந்துடுச்சே. நாளையிலருந்து அனுப்பிடு” என்றார்.

“அனுப்பறங்க. வார்டன் சாருக்குத் தொண்ட நல்லாயிடுச்சுன்னு ஒரு சர்டிபிகேட்டு குடுத்துட்டுப் போங்க.”

“அவருக்கு எதுக்கு?”

“எம் பாலு அவர் கைல போவுது. நாளைக்கே மறுபடியும் பசங்களுக்கு வந்தா எங்கொட்டாய்லதான வந்து நிப்பீங்க.”

“அந்த மாதிரி சர்டிபிகேட்டுக்குப் படிவமே இல்லம்மா.”

“மாட்டுக்கு மட்டும் இருந்துதே.”

ஏகாம்பரம் பெரிய டாக்டரைப் பார்த்தார். பெரிய டாக்டர் ஜீப்பின் முன்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். இன்னாரின் தொண்டையைப் பரிசோதித்தேன், தற்சமயம் நோய் இல்லை, மாதம் ஒருமுறை மறுபடி பரிசோதிக்கப்படும். அவர் எழுதியதிலேயே அதுதான் மிகச் சிறந்த ஆவணம் என்பது என் கருத்து. தீர்த்தம்மா அதை வாங்கி, நான்காக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார். மறுநாள் பால் போயிற்று.

கோப்பு மூடப்பட்டது. கடைசி வரி இப்படி: “நோய்க்குக் கால்நடைகள் காரணம் அல்ல.” யார் காரணம் என்று எழுத அதில் இடம் இல்லை. நான் வாயைத் திறக்காத பதினெட்டு நாளைப் பற்றியும் எங்கேயும் யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு என்னை நிரந்தரமாக்கினார்கள். “பணிவு: நன்று.”

செல்வி

செல்வி பிழைத்தாள். ஆனால் இதயத்தின் கதவு ஒன்று சரியாக மூடாமல் போயிற்று. தொண்டை நோவு மறுபடி வந்தால் இன்னும் கெடும் என்று, இருபத்தோரு நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. அவள் வீட்டிலிருந்து சுகாதார நிலையத்துக்கு ஒற்றையடிப் பாதையில் ஏறி இறங்கி வர வேண்டும்.

மாதாமாதம் வார்டன் தொண்டையில் குச்சி வைக்க நாங்கள் மலைக்குப் போகும்போது சில நாள் அவளும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பெரிய ஊசி. போட்டால் நாள் முழுக்க இடுப்பு கடுக்கும். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து, “ரொம்ப வலிக்குதா?” என்று கேட்டேன்.

செல்வி பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். “ஊசி ஒண்ணும் வலிக்காதுங்க” என்றாள். “வர்றதுக்குள்ளதான் மூச்சு வாங்குது.”